பதினாறு கூட்டல்

ஜூன் 13, வெள்ளி

என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கே எழுத்துச் சொல்லித் தருகிறார் மாப்பிள்ளை.

நான் அந்தக் காலத்து அஞ்சாம் வகுப்பு. சிவகாசியில் இந்தத் தெருவுக்கே மனு எழுதுவதும் பேங்க் சலான் நிரப்புவதும் இந்தச் சீனியம்மாள்தான். இருபத்திரண்டு வருஷமாக டைரி எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது.

பேத்தி தர்ஷிகா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு சினிமா போஸ்டர் பார்த்திருக்கிறாள். ஒரு அப்பா மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சிரிக்கிறார். "அம்மாச்சி, நாளைக்குப் போவமா?" என்றாள். போவோம் என்றேன்.

மாப்பிள்ளை குருசாமி பைக் மெக்கானிக். பட்டறையிலிருந்து வந்ததும் பின்கட்டுக் குழாயில் சோப்புத் தூளைக் கொட்டிக் கால் மணி நேரம் கை கழுவுவார். அங்கிருந்தபடியே திரும்பி, "வேணாம் அத்தை. அது பிள்ளைகளுக்கு ஆகாத படம். யுஏ பதினாறு பிளஸ் போட்டிருக்கு" என்றார்.

"ஏ படமா?"

"ஏ இல்ல, யுஏ."

"ஏ இல்லேல்ல. பெறகென்ன?"

"அது வேற அத்தை. ஒங்களுக்குச் சொன்னாப் புரியாது, விடுங்க."

சொன்னால் புரியாதாம். என் மகள் மாலதி இவரைத்தான் விரும்பிக் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது நான் வாயைத் திறக்கவில்லை. பத்து வருஷமாகச் சோறு போடுகிறேன். ஏ படம் என்றால் அசிங்கப் படம் என்பது ஊருக்கே தெரியும். இது ஏ இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். எனக்கு எது புரியவில்லை?

ஜூன் 14, சனி

மாலதிக்கு பைண்டிங் ஆபீஸில் சனிக்கிழமையும் வேலை. பேத்தியும் நானும் மதியக் காட்சிக்குப் போனோம்.

வாசல் போர்டில் தமிழிலேயே எழுதியிருந்தது. பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெற்றோர் வழிகாட்டுதலுடன் பார்க்கவும் என்று. வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி வாசித்தேன்.

டிக்கெட் கிழிக்கிற பெண் ஒரு கண்ணாடிக்காரி. "பிள்ளைக்கு எத்தனை வயசு பாட்டி?"

"எட்டு."

"பதினாறு பிளஸ் போட்டிருக்கு, பாத்தீங்கள்ல?"

"பிளஸ்னா என்னம்மா, கூட்டல்தான? எனக்கு அறுபத்தேழு, இவளுக்கு எட்டு. கூட்டு. பதினாறுக்கு மேல வருதா இல்லையா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பெத்தவங்கதான் வழிகாட்டணும்னு போட்டிருக்கு. நீங்க பெத்தவங்களா?" என்றாள்.

"பெத்தவளப் பெத்தவ. ஒரு படி மேல."

"ஒங்க இஷ்டம் பாட்டி. நாங்க சொல்லத்தான் முடியும். தடுக்க முடியாது. ஆனா நல்லா யோசிச்சுக்கங்க" என்று கிழித்துக் கொடுத்தாள்.

உள்ளே கும்மிருட்டு. போன் லைட்டை அடித்து, பிள்ளை கையைப் பிடித்து, படி படியாகச் சீட் வரைக்கும் கூட்டிப் போனேன். பாத்ரூமுக்கும் அப்படியே. வழிகாட்டுதல் என்று போட்டிருந்ததை ஒரு எழுத்துக் குறையாமல் செய்தேன். ஒரு பாட்டுக் காட்சியில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். முந்தானையால் அவள் கண்ணை மூடினேன், பாட்டு முடிந்த பிறகுதான் எடுத்தேன். மற்றபடி வெட்டும் குத்தும்தான். எந்தப் படத்தில் இல்லை?

வரும் வழியில் மாரியம்மனைக் கும்பிட்டோம். வீட்டில் கேட்டால் கோயிலுக்குப் போனோம் என்று சொல்லச் சொன்னேன். பொய்யில்லை. என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். சமர்த்து.

ஜூன் 15, ஞாயிறு

உளுந்து ஊறப் போட்டேன். பிள்ளை பாயை நனைத்துவிட்டாள். மூன்று வயதிலேயே விட்ட பழக்கம். நேற்றுத் தின்ற தர்பூசணியாக இருக்கும்.

ஜூன் 18, புதன்

இன்றும் பாயைக் காயப் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னக்கா, தினமும் பாய் துவைக்கிறீங்க?" என்கிறாள். அவளுக்கு வேறு வேலை கிடையாது.

மாப்பிள்ளை வந்து கை கழுவக் குழாயைத் திறந்தார். பிள்ளை வீட்டுப்பாடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் சேலைக்குள் புகுந்துகொண்டாள். அவர் துண்டால் துடைத்துக்கொண்டே வந்து, "தங்கம், அப்பாகிட்ட வா" என்றார். போகவில்லை. என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

யாரிடம் ஒட்டவேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. டைரியில் எழுதினால் தப்பில்லை.

ஜூன் 21, சனி

அப்பா வண்டியில் ஏற மாட்டேன் என்று அடம். ஒரு வாரமாக நடந்தே பள்ளிக்கூடம் போகிறாள். நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். முழங்கால் வலிக்கிறது. மாப்பிள்ளை என்னிடம், "பள்ளிக்கூடத்துல யாரும் அடிச்சாங்களா அத்தை? ஒங்ககிட்ட எதுவும் சொன்னாளா?" என்று கேட்டார்.

"எங்கிட்ட என்ன சொல்லப் போறா" என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

எஸ்தர் டீச்சர் மாலதியைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் போனேன்.

குடும்பத்தை வரையச் சொல்லியிருக்கிறார்கள். என் பேத்தி ஒரு குழாயை வரைந்திருக்கிறாள். குழாய்க்கு முன்னால் ஒரு ஆள். அந்த ஆளின் கையிலிருந்து கீழே வரைக்கும் சிவப்புக் கிரேயான். அழுத்தித் தேய்த்ததில் தாள் கிழிந்திருக்கிறது. அடியில் அப்பா என்று எழுதியிருக்கிறாள். 'ப்'புக்குப் புள்ளி மறக்கவில்லை.

டீச்சர் குரலைத் தாழ்த்திப் பேசினார். "இது என்னன்னு கேட்டேன்மா. சொல்லக் கூடாதுன்னா. ஏன் சொல்லக் கூடாதுன்னு கேட்டேன். சொன்னா அம்மாச்சி செத்துப் போயிருவாங்கன்னா."

மாலதி என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் புரை ஏறியது. தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

"யாரோ பிள்ளைய மிரட்டி வச்சிருக்காங்க" என்றார் டீச்சர். "நான் குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லிட்டேன். சொல்லாம இருக்கக் கூடாதும்மா, அது என் கடமை. தப்பா நெனைக்காதீங்க."

தப்பாகத்தான் நினைக்கிறேன். பாடம் சொல்லித் தருவதை விட்டுவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள்.

ஜூன் 25, புதன்

டீச்சர் சொன்ன உதவி எண்ணிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பெயர் பார்கவி. காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. பிள்ளையைத் தனியாக அறையில் வைத்துப் பேசினார்கள். பிறகு மாலதியிடம். பிறகு மாப்பிள்ளையைக் கேட்டார்கள். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், குடிப்பீர்களா, பிள்ளையைக் குளிப்பாட்டுவது யார், இப்படி.

கடைசிக் கேள்வி வந்ததும் அவர் எழுந்து நின்றார். கையைப் பார்த்துக்கொண்டார். நகக்கண்ணில் கிரீஸ்.

"இந்தக் கையாலதாம்மா அவளுக்கு மொத மொதச் சோறூட்டுனேன்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

என்னிடமும் கேட்டார்கள். "நீங்கதான் முழு நேரமும் வீட்டுல இருக்கீங்க. பிள்ளை என்னைக்கிலிருந்து மாறுனா, ஞாபகம் இருக்கா?"

தேதி ஞாபகமில்லை என்றேன்.

என் டைரி அலமாரியில்தான் இருந்தது.

ஜூன் 26, வியாழன்

மாப்பிள்ளை துணிமணியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். விசாரணை முடியும் வரைக்கும் தள்ளி இருப்பது நல்லது என்று அந்தப் பார்கவி சொன்னாளாம். செவ்வாய்க்கிழமை எல்லாரும் விருதுநகருக்கு, குழந்தைகள் நலக் குழு முன்னால் போகவேண்டும்.

மாலதி இட்லி ஊற்றிக்கொண்டே கேட்டாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அம்மா, ஒனக்கு அவரப் பிடிக்காதுன்னு தெரியும். இருந்தாலும் கேக்குறேன். நான் வேலைக்குப் போன நேரத்துல எதாச்சும் பாத்தியா?"

இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். பேசாமல் இருந்தேன். என் வாய் அடைத்துப்போனது, அவ்வளவுதான். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். தட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கோபம் கோபமாக வருகிறது. போஸ்டரில் தோளில் தூக்கி வைத்துச் சிரிக்க வைத்தவன்மேல், கண்ணாடிக்காரிமேல், டீச்சர்மேல். யாரும் ஒழுங்காக ஒரு வார்த்தை விளக்கிச் சொல்வதில்லை. இரண்டு எழுத்தையும் ஒரு எண்ணையும் ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

ஜூன் 28, சனி

தையல்காரி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தனியாக அந்தப் படத்துக்குப் போனேன்.

ஒன்றை எழுதிவிடுகிறேன். அன்றைக்கு இடைவேளைக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. ஏசிக் குளிரில் கண் அசந்துவிட்டது. பிள்ளை இரண்டு தடவை என் கையைப் பிடித்து உலுக்கியது தெரியும். பேசாமப் பாருடி என்று சொன்னதும் தெரியும்.

கண்ணாடிக்காரி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "இன்னைக்குப் பேத்திய விட்டுட்டு வந்துட்டீங்க?" என்றாள். டிக்கெட்டை நீட்டினேன்.

இன்று கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அந்த அப்பன் நல்லவன். மகளுக்குத் தலை சீவி விடுகிறான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பின்கட்டுக் குழாயைத் திறந்து ரொம்ப நேரம் கை கழுவுகிறான். இடைவேளை வரைக்கும் அவன் எதைக் கழுவுகிறான் என்று காட்டவில்லை. இடைவேளைக்குப் பிறகு காட்டுகிறார்கள். தண்ணீர் சிவப்பாக ஓடுகிறது. ஓடிக்கொண்டே இருக்கிறது. அவன் வெளியே போய் என்ன செய்துவிட்டு வருகிறான் என்பதையும் காட்டுகிறார்கள். அதை என் கையால் எழுத மாட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "தங்கம், அப்பாகிட்ட வா" என்கிறான். மகள் ஓடி வந்து தோளில் ஏறிக்கொள்கிறாள். போஸ்டரில் இருந்தது அதுதான்.

தங்கம் என்றுதான் கூப்பிடுகிறான்.

எனக்கு முன் வரிசையில் ஒரு அம்மா. மடியில் நான்கு வயதுப் பிள்ளை. கதாநாயகியும் நாயகனும் நெருங்கி வந்தபோது அந்த அம்மா பிள்ளையின் கண்ணை முந்தானையால் மூடினாள். அரிவாள் வந்தபோது எடுத்துவிட்டாள். அவள் முடியைப் பிடித்து இழுத்து அறையலாம் போல இருந்தது. இழுக்க நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு என் முந்தானையும் அதைத்தான் செய்தது.

ஜூன் 29, ஞாயிறு

மாவு புளித்துவிட்டது. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 30, திங்கள்

காலையில் பட்டறை வழியாகப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மாப்பிள்ளை கீழே உட்கார்ந்து ஒரு சைலன்சரைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெருவில் விஷயம் பரவிவிட்டது. எதிர்க் கடைக்காரர், "அந்த ஆளு இப்பிடின்னு யாருக்குத் தெரியும்" என்று என்னிடமே சொன்னார். ஒனக்கென்ன தெரியும்டா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

மாலதி பெட்டியில் துணி அடுக்குகிறாள். நாளை அங்கே என்ன சொன்னாலும், இனிமேல் பிள்ளையை வைத்துக்கொண்டு அவரோடு இருக்க மாட்டாளாம். திருப்பூரில் அவள் சிநேகிதி இருக்கிறாள். கொஞ்ச நாள் அங்கே.

"என்னையும் விட்டுட்டா?" என்றேன்.

"நீயும்தான வாய மூடிக்கிட்டு இருந்த" என்றாள்.

பிள்ளை மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இருமினால் திரும்பிப் பார்க்கிறாள். கால் வலிக்கிறது என்று சொன்னால் எழுந்து வந்து தொட்டுப் பார்க்கிறாள். பதினைந்து நாளாக இப்படித்தான். பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

விருதுநகர். நீளமான மேஜை. அந்தப் பக்கம் ஐந்து பேர். பார்கவி பக்கத்தில் தர்ஷிகா. மாப்பிள்ளையை வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள்.

தலைவி அம்மா பிள்ளையிடம் மெதுவாக, "பயப்படாதம்மா. யாரும் ஒன் அம்மாச்சிய ஒண்ணும் செய்ய மாட்டாங்க. சொல்லு" என்றார். பிள்ளை என்னைப் பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். நான் சாகக் கூடாது என்று எட்டு வயசுப் பிள்ளை இத்தனை பேரையும் எதிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எழுந்தேன்.

"அவள விடுங்கம்மா. நான்தான் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன். என் தலைல அடிச்சுச் சத்தியம் வாங்கினேன். சத்தியத்த மீறுனா நான் செத்துருவேன்னு இருக்கா."

மாலதி, "என்னம்மா சொல்ற?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். படம், குழாய், சிவப்புத் தண்ணீர், நான் தூங்கியது. தங்கம் என்று கூப்பிடுவதை. மாப்பிள்ளை வேண்டாம் என்று தடுத்ததை இரண்டு தடவை சொன்னேன். டைரியை எடுத்து மேஜையில் வைத்தேன். ஜூன் 14 பக்கத்தை அவர்களே படிக்கட்டும் என்று.

தலைவி அம்மா படித்தார். கூட்டல் கணக்கு வந்த இடத்தில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வழிகாட்டுதல்னா கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறதுன்னா நெனைச்சீங்க?" என்று பார்கவி கேட்டாள்.

"வேற என்னம்மா நெனைக்கிறது? அப்பிடித்தான எழுதியிருக்கு."

"கூட்டிட்டுப் போலாமா வேணாமான்னு மொதல்ல முடிவு பண்றதும்மா. அதுக்கு முந்தி என்ன படம்னு நீங்க தெரிஞ்சிருக்கணும். கூட்டிட்டுப் போனாலும் திரையப் பாக்குறதவிடப் பிள்ளை மொகத்தப் பாக்கணும். பயந்துச்சுன்னா எந்திரிச்சு வந்துறணும். வந்தப்பெறகு பேசணும். பேசாதன்னு சொல்லக் கூடாது."

"இத்தனையும் போர்டுல எழுதி வைக்க ஒங்களுக்கென்ன கேடு?" என்று கத்திவிட்டேன். அவள் போர்டு எழுதுகிறவள் இல்லை. இருந்தாலும் கத்தினேன்.

பிறகு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வெள்ளைத் தாளில் எழுதினேன். பிள்ளையின் வயது எட்டு என்று எண்ணால் எழுதி, எழுத்தாலும் எழுதினேன். 'என் மருமகன் குருசாமி மேல் ஒரு குற்றமும் கிடையாது' என்ற வரியில் பேனா நின்று, மருமகன் என்ற சொல் இரண்டு தடவை விழுந்துவிட்டது. ஒன்றை அடித்தேன். இத்தனை வருஷத்தில் என் முதல் அடித்தல்.

இது போதாது, பிள்ளையை டாக்டரிடம் காட்டி, அவரும் பேசிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் முடிப்போம் என்றார்கள். அப்பா இன்றே வீட்டுக்குப் போகலாம், பார்கவி வாரம் ஒரு தடவை வந்து பார்ப்பாள்.

வராந்தாவில் மாப்பிள்ளை எழுந்து நின்றார். மாலதி அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நான் எதிரே போய் நின்றேன். பத்து வருஷத்தில் அவர் முகத்தை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"மாப்ள, தப்பு என்னுது."

"அந்தப் படத்த நான் மொத நாளே பாத்தேன் அத்தை. அதனாலதான் வேணாம்னேன்."

"இன்னது இருக்குன்னு சொல்லியிருக்கலாமே."

"ஒங்களுக்குப் புரியாதுன்னு நெனைச்சேன். அது என் தப்பு. அது மட்டும்தான் என் தப்பு." பிறகு, "கோவம் போயிருச்சுன்னு இப்ப என்னால சொல்ல முடியாது" என்றார்.

சொல்லவேண்டாம் என்றேன். பஸ்ஸில் மூன்று சீட் தள்ளி உட்கார்ந்து வந்தார்.

ஜூலை 2, புதன்

விடிந்து கண் விழித்தபோது என் மூக்குக்குக் கீழே ஒரு விரல். தர்ஷிகா குனிந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாகலையா அம்மாச்சி?"

"சாகலடி."

"நீங்களே சொன்னா சத்தியம் போயிருமா?"

"போயிரும். இனிமே யாரு தலைல கை வைக்கச் சொன்னாலும் வைக்காத. நான் சொன்னாலும் வைக்காத."

அவள் யோசித்தாள். பாயைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது. பரவாயில்லை, துவைத்துப் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். என் பேத்தியை நான்தான் ஆகாத படத்துக்குக் கூட்டிப் போனேன், அந்தப் பயம்தான், வேறு ஒன்றும் இல்லை, போய்த் தெரு பூராவும் சொல்லு என்றேன். உள்ளே போய்விட்டாள். எதிர்க் கடைக்காரரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்குச் சத்தமாகச் சொன்னேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். குழாய்ப் பக்கம் போகவில்லை. கறுத்த கையோடு வாசலிலேயே நின்றார். அங்கிருந்தபடி, "தர்ஷி, அப்பா கை கழுவணும். நீ தண்ணி ஊத்துறியா?" என்றார். தங்கம் என்று கூப்பிடவில்லை.

பிள்ளை என் முந்தானையை இழுத்துத் தானே முகத்தை மூடிக்கொண்டாள். நான் மூடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் துணிக்கு மேலே ஒரு கண் வந்தது.

செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். கையை நீட்டி, தூர நின்று ஊற்றினாள். அவர் தேய்த்தார். கண்ணை எடுக்காமல் தண்ணீரையே பார்த்தாள்.

"கறுப்பாத்தான் வருது அம்மாச்சி."

"ஆமாடி. ஆயிலு."

நம்பவில்லை. தண்ணீர் ஓடிய வழியே சாக்கடை வரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். நான் அவள் பின்னால் போனேன். முடிகிற இடம் வரைக்கும் கறுப்புதான்.

திரும்பி வந்து இன்னொரு செம்பு ஊற்றினாள். அவர் வண்டியில் மட்டும் பிள்ளை இன்னும் ஏறவில்லை.